அம்மாவுக்கு மாக்குலா சிதைவு; எனக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயதில் மாக்குலா சிதைவு வந்து, கண்ணில் ஊசி போட்டுக்கொள்கிறார். எனக்கு 56. மரபணுச் சோதனை செய்துகொள்ளவா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை விழித்திரைப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. அது சிதையும் இந்நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மைதான். எதிர்ப்பாற்றல் நம் திசுவையே தாக்காமல் கட்டுப்படுத்தும் புரதத்தைத் தருவது சிஎஃப்ஹெச் மரபணு. அதிலுள்ள ஒரு மாற்றத்துக்கும் மாக்குலா சிதைவுக்கும் தொடர்பு இருப்பது 2005இல் தெரியவந்தது. 10ஆம் குரோமோசோமில் ஏஆர்எம்எஸ்2 பகுதியும் அதே அளவு முக்கியம். ஆனால் சிஎஃப்ஹெச் மாற்றம் சீனர்களிடம் ஐரோப்பியரைவிட மிகக் குறைவு. ஐரோப்பியரின் மரபணுக்களை வைத்துப் போட்ட அபாய மதிப்பெண்ணை சிங்கப்பூரில் அப்படியே நம்ப முடியாது. முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதும் இல்லை.

நோய் முற்றுமா என்பதை விழித்திரையே சொல்லும். ட்ரூசன் என்பது விழித்திரைக்கு அடியில் சேரும் மஞ்சள் படிவு. அது 125 மைக்ரானுக்கு மேற்பட்டிருந்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் 1 புள்ளி, நிறமி மாற்றத்துக்கு 1 புள்ளி. இரு கண்ணும் சேர்த்து 0 என்றால் 5 ஆண்டுகளில் முற்றும் வாய்ப்பு சுமார் 0.5%, 2 என்றால் 12%, 4 என்றால் 50%. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அம்மாவின் நோயைச் சொல்லி, கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மரபணுவை மாற்ற முடியாது, இதை முடியும்.

கேள்வி: கண் மாத்திரை இப்போதே சாப்பிடலாமா?
– அதே வாசகி

பதில்: நோயே இல்லாதவருக்கு அது வராமல் தடுக்காது. நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் பலன். முற்றும் வாய்ப்பு 5 ஆண்டுகளில் கால்பங்கு குறையும். எனவே உங்கள் அம்மாவுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டப்பாவின் பின்புறம் படியுங்கள்: வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐயு, லூட்டீன் 10, ஸியாஸாந்தின் 2, துத்தநாகம் 80, தாமிரம் 2 மில்லிகிராம். துத்தநாகம் தாமிரச்சத்தைக் குறைப்பதால்தான் தாமிரம் சேர்க்கிறார்கள். பீட்டா கரோட்டீன் இருந்தால், புகைப்பவரும் புகைத்தவரும் தொடக்கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும். வயிற்றைக் குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம்.

வீட்டில் வாசிப்புக் கண்ணாடி அணிந்து, ஆம்ஸ்லர் கட்டத்தை (நடுவில் புள்ளி வைத்த கட்டக்கோட்டுத் தாள்) 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். கோடு புதிதாக வளைந்தாலோ மறைந்தாலோ அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரை அழையுங்கள்.