பஞ்சாலை நகரில் பகலும் இரவும்: மான்செஸ்டர் பயணம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: லண்டன் போகிறோம். மான்செஸ்டரை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? (வாசகர், திருச்சி)

முடியும், ஆனால் பாதி ஊரைத்தான் பார்ப்பீர்கள். லண்டன் யூஸ்டனிலிருந்து மான்செஸ்டர் பிக்காடில்லிக்கு ரயிலில் சுமார் 2 மணி 10 நிமிடம். மாலையில் திரும்பினால் அருங்காட்சியகங்களோடு சரி. ஊர் களைகட்டும் நேரத்தில் நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். வியாழக்கிழமை வந்து சனிக்கிழமை மதியம் கிளம்புங்கள். சனி இரவைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் அறை வாடகை. கால்பந்து ஆட்டமும் பெரிய அரங்குகளில் கச்சேரியும் ஒரே நாளில் வந்துவிட்டால் வாடகை எகிறிவிடும். அறை பதிவு செய்யுமுன் அந்தத் தேதியில் ஓல்ட் டிராஃபோர்டு, எத்திஹாட் ஆகிய கால்பந்து மைதானங்கள், கோ-ஆப் லைவ் கச்சேரி அரங்கு மூன்றிலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மையப் பகுதியின் பல ஹோட்டல்களில் 2023 முதல் அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு பவுண்டு நகரக் கட்டணமும் உண்டு.

ரயிலில் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் மலிவு. ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும்; தவறவிட்டால் புது டிக்கெட்தான்.

கேள்வி: எங்கள் ஊரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்கிறார்கள். அசல் மான்செஸ்டரில் பஞ்சாலை ஓடுவதைப் பார்க்க முடியுமா? (வாசகி, கோவை)

ஊருக்குள் ஆலைக் கட்டடங்கள் இருக்கின்றன, நூற்பு இல்லை. ஆன்கோட்ஸ் பகுதியில் கால்வாயை ஒட்டி நிற்கும் ராயல் மில், மர்ரேஸ் மில்ஸ் எல்லாம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். வெளியே நின்று செங்கல் சுவர்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

எந்திரம் ஓடும் சத்தம் கேட்க வேண்டுமானால் ஸ்டையல் கிராமத்திலுள்ள குவாரி பேங்க் ஆலைக்குப் போங்கள். 1784இல் தொடங்கிய ஆலை; நீர்ச்சக்கரமும் தறிகளும் இன்றும் இயக்கிக் காட்டப்படுகின்றன. பக்கத்திலேயே, கூலியில்லாமல் வேலை செய்த சிறுவர் சிறுமியர் தங்கிய விடுதியும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வராதீர்கள். விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால் வரும் நாளிலோ கிளம்பும் நாளிலோ வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டையல் ரயில் நிலையத்தில் நிற்கும் ரயில்கள் குறைவு. அதை நம்பிப் போகாமல் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடியுங்கள்.

கோவைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னோர் இடம் ராயல் எக்ஸ்சேஞ்ச். உலகின் பஞ்சு, துணி விலை பேசப்பட்ட கூடம். 1968இல் வணிகம் நின்றது. கடைசி நாள் விலைகள் உயரத்தில் பலகையில் அப்படியே இருக்கின்றன; உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். 1976இல் கூடத்தின் நடுவே ஏழு பக்கமுள்ள கண்ணாடி, இரும்பு நாடக அரங்கைக் கட்டினார்கள். எடை 150 டன். பழைய தரை அதைத் தாங்காது என்பதால், குவிமாடத்தைச் சுமக்கும் நான்கு பெரிய தூண்களிலிருந்து அரங்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடையும் தரைமட்ட இருக்கைகளும் மட்டுமே தரையில் நிற்கின்றன. ஆலை நகரம் கலை நகரமான விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டடம் அந்த ஊரில் இல்லை.

கேள்வி: இரவு இசைக்கு இந்த ஊர் ஏன் இவ்வளவு பிரபலம்? எங்கே போவது? (வாசகர், சேலம்)

ஆலைகளும் கிடங்குகளும் காலியானபோது பெரிய இடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. சத்தம் போட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் குடித்தனம் அதிகமில்லை. இளைஞர்களின் இசைக்குழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படகு விற்கும் காட்சிக்கூடமாக இருந்த கட்டடத்தில் 1982இல் ஹாசியெண்டா இசை விடுதி திறந்தது; 1997இல் மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்பட்டு, அதே பெயரில் குடியிருப்பு எழுந்துவிட்டது. முன்பக்கம் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னால் ராச்டேல் கால்வாய்ப் பக்கம் இறங்கினால் ஹாசியெண்டாவின் கால வரிசையைப் பொறித்த உலோகப் பலகை நீளமாக ஓடுகிறது.

இன்றைக்குப் போவதானால், முதல்முறை வருபவர்களுக்கு என் சிபாரிசு ஸ்வான் தெருவிலுள்ள ‘பேண்ட் ஆன் தி வால்’. ஜாஸ், ஆப்பிரிக்க, தெற்காசிய இசை எல்லாம் நடக்கும். அரங்கு அளவானது, இசைஞர்களை அருகில் பார்க்கலாம். விடிய விடிய நடனம் வேண்டுவோருக்கு ‘வேர்ஹவுஸ் புராஜெக்ட்’. பிக்காடில்லி பக்கத்திலுள்ள பழைய மேஃபீல்டு ரயில் நிலையத்தில் செப்டம்பர் வாக்கில் தொடங்கிப் புத்தாண்டு வரை நடக்கும். மற்ற மாதங்களில் தேடிப் போய்ப் பயனில்லை. டிக்கெட்டில் கடைசி நுழைவு நேரம் இருக்கும். அதற்குப் பிறகு போனால் பணம் போனதுதான். வயதுச் சான்றுக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். செல்போனில் உள்ள படத்தையும் நகலையும் வாசலில் திருப்பி அனுப்புவது வழக்கம். ஜிப் வைத்த உள்பையில் பாஸ்போர்ட்டை வையுங்கள். மேலங்கியோடு சேர்த்துக் காப்பறையில் ஒப்படைத்துவிடாதீர்கள்.

சாஸ்திரிய இசைக்கு பிரிட்ஜ்வாட்டர் ஹால். வெளியே ட்ராம் ஓடும் அதிர்வு உள்ளே வராமலிருக்க, முழு அரங்கையும் நூற்றுக்கணக்கான ஸ்பிரிங்குகள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 1858இல் தொடங்கிய ஹாலே இசைக்குழுவின் இருப்பிடம் இதுதான்.

கேள்வி: ட்ராமுக்கும் பஸ்ஸுக்கும் இந்திய வங்கி அட்டை போதுமா? இரவில் பெண்கள் தனியாகத் திரும்புவது எப்படி? (வாசகி, நெல்லை)

விசா, மாஸ்டர்கார்டு காண்டாக்ட்லெஸ் அட்டை போதும். ரூபே அட்டையை நம்பாதீர்கள். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டிருக்கும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் அதையும், வெளிநாட்டுக் காண்டாக்ட்லெஸ் வசதியையும் தனித்தனியே திறந்துவிடுங்கள். ட்ராமில் ஏறுமுன்பும் இறங்கிய பின்பும் நடைமேடைக் கருவியில் தட்ட வேண்டும்; இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ஆளுக்கொரு அட்டை வேண்டும். காலையில் அட்டை, மாலையில் அதே அட்டையைப் போனில் வைத்துத் தட்டினால் இரண்டும் தனிக் கணக்காகி, ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத ‘நாள் உச்சவரம்பு’ச் சலுகை போய்விடும்.

வெள்ளி, சனி இரவுகளில் ட்ராம் சுமார் ஒரு மணி வரை ஓடும். மற்ற நாள்களில் அதற்கு முன்பே நின்றுவிடும். அதன் பின் பெரும்பாலும் டாக்ஸிதான். கறுப்பு டாக்ஸியைத் தெருவில் கைகாட்டி ஏறலாம். மற்ற வாடகைக் கார்களை முன்பதிவு செய்திருந்தால் மட்டுமே ஏறுங்கள், தானாக வந்து “எங்கே போகணும்?” என்று கேட்பவை சட்டப்படி ஆள் ஏற்றக்கூடாதவை, விபத்து நேர்ந்தால் காப்பீடும் கிடைக்காது. இரவில் கால்வாயோரப் பாதை யாருக்குமே வேண்டாம். பல இடங்களில் தடுப்பு இல்லை, ஈரக்கல் வழுக்கும்.

கேள்வி: எப்போதும் மழை பெய்யுமாமே? (வாசகர், தஞ்சாவூர்)

ஆண்டு மொத்தத்தில் சென்னையைவிடக் குறைவு. ஆனால் தூறல் நாள்கள் அதிகம். காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா? (வாசகி, கும்பகோணம்)

தாராளமாக. ஆனால் ரஷோமிலுள்ள ‘கறி மைல்’ தெருவில் கபாப் கடைகளே அதிகம். இட்லி, தோசைக்காக அங்கே போக வேண்டாம். மீன் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்குமுன், எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தாவர எண்ணெய் என்று சொன்னாலும், மீனும் சிப்ஸும் ஒரே சட்டியிலா என்று இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள்.