ஓடைக்கரையில் ஆமை முட்டை

கேள்வி: ஐயா, உக்குவளையில் ஓடையோரம் அரை ஏக்கரில் இரண்டு கறவை மாடு மேய்க்கிறேன். கரையில் கோ-3 புல் நடக் கொத்தியபோது மண்ணுக்குள் ஐந்து வெள்ளை முட்டை, நீளவாக்கில். கல் ஆமையுடையதாம். மாடு மிதிக்குமென்று மணல் வாளியில் வைத்திருக்கிறேன். பொரிக்குமா? மாட்டுக்கு ஈரல் தட்டைப்புழுவும் விடுவதில்லை. கரையில் நத்தை மருந்து போடச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: இன்றே பழைய குழியில் வையுங்கள். கோழி முட்டையைப் போல இதைப் புரட்டக்கூடாது. இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் மேற்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உருட்டினால் செத்துவிடும். இப்போது மேலே இருக்கும் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அதே பக்கம் மேலாக இறக்கி, மண்ணைக் கையால் மூடுங்கள், மிதிக்க வேண்டாம். மேலே 2 அடிச் சதுரக் கம்பி வலையை முளையடித்து இறுக்குங்கள். கண் 2 அங்குலம் இருந்தால் நாயும் கபரகொய்யாவும் (நீர் உடும்பு) தோண்டாது, குஞ்சு வெளியேறும். பொரிக்க இரண்டு மாதமளவு ஆகும், குளிரில் தள்ளும்.

உங்கள் மாடு மேய்ந்து புல் கட்டையாக இருப்பதால்தான், வெயில் படும் அந்த இடத்தை ஆமை தேடி வந்தது. அங்கே கோ-3 வளர்ந்து நிழல் விழுந்தால் அடுத்த வருடம் வராது. புல்லை மேலே, சரிவுக்குக் குறுக்காக நடுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: மாடு ஏன் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது? குளம்பு கிளறிய சேற்றில் நத்தை பெருகும், சாணத்திலுள்ள புழு முட்டை அங்கேயே விழும், புழு நத்தைக்குள் வளர்ந்து வெளியே வரும், நீரோரப் புல்லில் ஒட்டிய புழுக்கூட்டை மாடே திரும்பத் தின்னும். இந்தச் சுற்றை எந்தப் பாக்கெட் மருந்தும் அறுக்காது. மேலிருந்து அரை அங்குலக் குழாயில் தண்ணீர் இறக்கிக் கொட்டிலில் தொட்டி வையுங்கள். கறவை மாட்டுக்கு நாளைக்கு 50–60 லீற்றர் வேண்டும். கரையிலிருந்து 10 அடி தள்ளி கிளிரிசிடியாக் கம்பு நட்டுக் கம்பி வேலி போடுங்கள். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தால் ஆமை நுழையும், மாடு நுழையாது. எந்த மருந்துக்கும் முன் இந்தச் செலவுதான்.

நத்தை மருந்து உருண்டை வேண்டவே வேண்டாம். அதைத் தின்றால் நாயும் சாகும், மாடும் சாகும். நத்தைக்குப் போடும் துருசு (மயில்துத்தம்) மீனைக் கொல்லும். கடைக்காரர் விற்பது பாக்கெட்டை, நத்தையோ அடுத்த மழைக்குத் திரும்பிவிடும். அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் சாணம் பரிசோதியுங்கள். அல்பென்டசோல் என்ற புழு மருந்து முதிர்ந்த தட்டைப்புழுவை மட்டுமே கொல்லும். சினை பிடித்த முதல் 45 நாளில் கொடுக்கவே கூடாது. மாடு சினையா என்று கடையில் யாரும் கேட்கமாட்டார்கள்.