பெயர்த்தகடு இல்லாத படகு டிரெய்லர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மஜ்காவில் படகுப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திய என் மாமனார் விட்டுச்சென்ற ஒற்றை ஆக்சில் டிரெய்லர் ஒன்று சிவ்ரியில் எங்கள் கிடங்கில் கிடக்கிறது. பதினான்கு அடிப் பாய்மரப் படகு ஏற்றும் அளவு. பெயர்த்தகடு இல்லை, பச்சைப் பெயிண்ட் மட்டும் அடுக்கடுக்காக இருக்கிறது. மணல் வீச்சு அடித்துப் புதிதாக்கிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். இது எந்த நாட்டுத் தயாரிப்பு, எவ்வளவு பழையது என்று எப்படி அறிவது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மணல் வீச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். இழுவைத் தண்டில், காரின் கொக்கி உருண்டையில் மாட்டும் கிண்ணமான கப்ளருக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் எண் குத்தியிருக்க வாய்ப்புண்டு. ஆழமில்லாத அந்த எழுத்துகள் மணல் பட்டால் போய்விடும். பெயிண்ட் ரிமூவர் தடவி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகச் சுரண்ட வேண்டாம். பதினேழு எழுத்தெண்கள் கொண்ட எண் கிடைத்தால், அந்த முறை அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது என்பதால், வண்டி நீங்கள் நினைப்பதைவிட இளையதாக இருக்கலாம்.

சக்கரம், டயர், விளக்கு ஆகியவை காலப்போக்கில் மாற்றப்பட்டிருக்கும் என்பதால் அவற்றைக் கொண்டு வயதைத் தீர்மானிக்க முடியாது. நான் முதலில் நம்புவது சட்டகத்தை இணைக்கும் போல்ட்டுகளைத்தான். அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள்: பன்னிரண்டு என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை, பதின்மூன்று என்றால் அமெரிக்க மரை. பன்னிரண்டு வந்ததும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 1956இல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் நம் ஊர்ப் பட்டறைகள் விட்வொர்த்தை உடனே விட்டுவிடவில்லை, ஆகவே மஜ்காவிலேயே கட்டியதாகவும் இருக்கலாம். அப்படியானால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் கருதமாட்டேன். பத்து அங்குலச் சக்கரமும், சக்கரத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டுகள் (திருகுகள்) அமர்ந்த வட்டத்தின் விட்டம் நான்கு அங்குலமும் இருந்தால், பிரிட்டனின் மினி காரின் உதிரிபாகம் என்று ஊகிக்கலாம். அந்தக் கார் 1959இல்தான் வந்தது.

கப்ளரை அளக்கும்போது கவனம் தேவை. அது மாட்டும் ஐரோப்பிய உருண்டை 50 மி.மீ., அமெரிக்க உருண்டை 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ.; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் 1 7/8 அங்குல உருண்டையும் உண்டு. அதை 2 அங்குலக் கப்ளரில் மாட்டினால் மேடுபள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும்.

பழுதில் முதலிடம் பேரிங்குகள் அமர்ந்த சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு. ஓடிச் சூடான ஹப்பைக் கடலில் இறக்கியவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியே உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங்குகள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். பேரிங் வளையத்தின் முகப்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு நாக்தேவி தெருக் கடைகளில் கேளுங்கள். எண் தேய்ந்திருந்தால் பேரிங் அமரும் ஸ்டப் ஆக்சிலை (ஆக்சிலின் முனைத்தண்டு) வெர்னியர் அளவியால் அளந்து செல்லுங்கள். சீலையும் சேர்த்து மாற்றி, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் இடுங்கள். அதிர்வைத் தாங்கும் கமான் பட்டைகளின் இடுக்கில் துரு உப்பியிருந்தால் புதிதாகவே போட்டுவிடலாம்.

கேள்வி: சட்டகத்துக்குப் பெயிண்ட் போதுமா, கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ய வேண்டுமா? சாலையில் இழுத்துச் செல்லலாமா?
– அதே வாசகி

பதில்: கடலில் இறங்கும் வண்டிக்குக் கால்வனைஸிங்கே என் தேர்வு. ஆனால் சுமார் 450 டிகிரி செல்சியஸ் உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது, இருபுறமும் அடைத்த குழாயினுள் ஈரம் இருந்தால் வெடிக்கும். ஆகவே குழாய்களின் முனைகளில் துளையிட்ட பிறகே அனுப்ப வேண்டும். வெல்டிங் வேலை முழுவதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் அதைப் பொதுச்சாலையில் இழுக்க முடியாது. கால்வனைஸிங்குக்குப் பணம் செலவிடும் முன் மாமனாரின் பழைய கோப்புகளில் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கிடங்கு வளாகத்துக்குள் கையால் தள்ளும் டிராலியாக மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்; அதற்கு நல்ல எபாக்சி பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் போதும்.