ரயில்வே கேட்டில் நின்ற பத்து நிமிடம்

கேள்வி: எனக்கு 68 வயது. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வடசென்னை கொருக்குப்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வயதாவதைப் பற்றி நோட்டில் சில கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறேன். "இதையெல்லாம் யாரும்மா படிப்பாங்க" என்கிறான் மகன். பணம் கட்டினால் புத்தகமாகவே போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எப்படி எழுதுவது, எங்கே அனுப்புவது, பணம் கட்டலாமா? ஒரு கட்டுரையின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் முழுக்க 'முதுமை இரண்டாவது குழந்தைப் பருவம்', 'அனுபவமே ஆசான்' என்று போகிறது. அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாம் பக்கத்தின் நடுவில், போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: 'முன்பெல்லாம் ரயில்வே கேட் போட்டிருந்தால் குனிந்து நுழைந்து ஓடிவிடுவேன். இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை, திறக்கும்வரை நிற்கிறேன்.' உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. முதல் பக்கத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

அந்த ஒரு வரியை மூன்று பக்கமாக விரியுங்கள். குனிய வேண்டாம் என்று முதன்முதலில் முடிவெடுத்தது என்றைக்கு? கையில் என்ன பை இருந்தது? சரக்கு ரயில் கடக்கும்வரை பக்கத்தில் யார் நின்றார்கள்? உங்களிடம் படித்த பையன் யாராவது சைக்கிளைச் சாய்த்து நுழைந்துகொண்டே "டீச்சர், வாங்க" என்று கூப்பிட்டானா? நீங்கள் என்ன சாக்குச் சொன்னீர்கள்? முதுமை என்ற சொல்லே கட்டுரையில் வர வேண்டாம். படிப்பவருக்குத் தன் முழங்கால் தானாகவே நினைவுக்கு வரும்.

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் தன் இளமையை நினைக்கிறார். ஆற்று மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்க, நீர் தெறிக்கக் குதித்து, ஆழ்ந்த மடுவின் அடிமணலை அள்ளி வந்து காட்டிய இளமை. இப்போதோ பூண் பிடித்த கோலை ஊன்றி நடுங்குகிறார். இருமலுக்கு இடையே சில சொற்கள்தான் வருகின்றன. அந்தக் கோலைப் பாடியதாலேயே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார், அதாவது பூண் பிடித்த கோலுக்குரியவர், என்று பெயர் நிலைத்துவிட்டது, சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு கைப்பிடி மணல், ஒரு கோல், ஒரு இருமல். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இதை மனப்பாடச் செய்யுளாக அல்லாமல், எழுதுகிறவராக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வருடங்கள் நினைவில் குழம்பும், எல்லோருக்கும்தான். ஊரோடு சேர்த்து யோசித்தால் பிடிபடும். பின்னி மில் மூடிய 1996, சுனாமி வந்த 2004 டிசம்பர், வெள்ளம் வந்த 2015 டிசம்பர், விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய 2021 பிப்ரவரி. நீங்கள் சொல்லும் சம்பவம் இவற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் 'மழைக்காலம்' என்று மட்டும் எழுதினால் போதும், ஊகித்துத் தேதி போட வேண்டாம்.

வீட்டு மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வலியை நீங்கள் தாராளமாக எழுதலாம். மருமகளின் கோபமோ, அக்காவின் நோயோ வரும் இடத்தில் அச்சுக்குப் போகும்முன் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றினால் போதாது, உங்கள் தெருவில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் செய்தி என்றால் அது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அவதூறு பற்றிய குற்றவியல் சட்டம். சட்டத்தை விடுங்கள், நாளைக்குக் காலையில் அதே அடுப்படியில்தான் காபி போட வேண்டும்.

அடுத்து, அனுப்புவது. கையெழுத்துப் பிரதியைவிட எல்லாக் கணினியிலும் திறக்கும் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்ததைப் பத்திரிகைகள் எளிதாகக் கையாளும். விரல் வலித்தால் கைப்பேசி விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தித் தமிழில் சொல்லுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் ற, ர குழம்பும், நிறுத்தற்குறி வராது. பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். 700, 800 சொற்களுக்குள் நிறுத்துங்கள். ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பும்முன் அந்த இதழின் நான்கு பிரதிகளையாவது புரட்டினால், அவர்கள் இந்த மாதிரி எழுத்தைப் போடுகிறார்களா என்று தெரிந்துவிடும்.

உரிமை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நிற்கும். அதனால் யாருக்குப் போக வேண்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்து மூலம் நடந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக', 'எல்லா வடிவங்களிலும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் கட்டச் சொல்கிறவருக்கு என் பதில்: இப்போது வேண்டாம். நாலைந்து கட்டுரைகள் ஒரு புத்தகம் ஆகாது. இருபது, இருபத்தைந்து சேரட்டும், அவற்றில் சில இதழ்களில் வரட்டும். அப்புறமும் சொந்தச் செலவில் போட விரும்பினால் தப்பே இல்லை. ஆனால் எத்தனை பிரதி, மீதிப் பிரதி யார் வீட்டில் இருக்கும், விற்ற கணக்கை எப்போது தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகக் காசு கேட்டால் உஷாராகுங்கள், இந்தியாவில் அது இலவசம். வெளியிடும் புத்தகத்தை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் சட்டப்படியான கடமை. அதைச் செய்வாரா என்று கேளுங்கள், ஆள் எப்படி என்று பதிலிலேயே தெரியும்.

உங்கள் மகனுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கட்டுரையை முடித்ததும் அவரிடமே படிக்கக் கொடுங்கள். அம்மா ஏன் மார்க்கெட்டிலிருந்து தாமதமாக வருகிறார் என்பது அவருக்கு இதுவரை தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்கு முன், நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அந்தக் கேட்டருகே போய் நில்லுங்கள். வண்டிகள் ஹாரன் அடிப்பதை, ரயில் போனபின் தண்டவாளத்தில் மிச்சமிருக்கும் அதிர்வை, கேட் தூக்கியதும் கூட்டம் உங்களைத் தாண்டி ஓடுவதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.