ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினை ஏன் வெளியே உட்கார வைத்தார்கள்?

வானிலைதான் காரணம். லண்டன் ஓவல் மைதானத்தில் முதல் நாள் காலை மேகமூட்டம், ஆடுகளத்தில் புல்; இரண்டும் வேகப்பந்துக்குச் சாதகம். இந்தியக் கேப்டன் ரோகித் டாஸ் வென்று பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை எடுத்தபின் மிஞ்சிய ஒரே சுழல் இடம் ஜடேஜாவுக்குப் போனது. அவர் பேட்டிங்கும் கூடுதல் பலம். 2021 இங்கிலாந்துத் தொடரிலும் இதே கணக்குதான்.

ஆனால் ஒரு காலைப்பொழுதின் மேகத்தைப் பார்த்து ஐந்து நாள் ஆட்டத்துக்கு அணி எடுப்பதா? வார்னர், கவாஜா, ஹெட், கேரி என எதிரணியில் வரிசையாக இடக்கை ஆட்டக்காரர்கள். அவர்களைவிட்டு விலகித் திரும்பும் ஆஃப் ஸ்பின்தான் அஸ்வினின் ஆயுதம். அப்போது டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடமும் அவருக்கே. ஹெட் 163 அடித்தார். கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் ஆஃப் ஸ்பின்னர் லயன் 4 விக்கெட் எடுத்தார். இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றதற்குப் பேட்டிங்கும் காரணம் என்பது வேறு விஷயம்.