ஆற்றங்கரையை விட்டு ஓடிய ஊர்கள்: கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயை அடக்கப் பல நாடுகள் கூடிச் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செல்வி: சார், ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் கண் போய்விடுமா?

குடித்தால் ஒன்றும் ஆகாது. சின்னக் கருப்பு ஈ ஒன்று கடித்து வருவது இது. நம்மூர்க் கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் போதும். இந்த ஈயின் புழு வளரப் பாறையில் மோதி ஓடுகிற தண்ணீர் வேண்டும். கடியோடு உடம்புக்குள் போகும் நோய்ப்புழு தோலுக்கடியில் முடிச்சாகத் தங்கி, பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பார்வையைக் கெடுப்பது அதுவல்ல, அது ஈனுகிற லட்சக்கணக்கான குஞ்சுகள். கண்ணுக்குள் போய் அவை சாகச்சாகப் பார்வை மங்கும். அதற்கு முன்பே ராத்தூக்கம் கெடுக்கும் அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் பல்லி முதுகு மாதிரி தடித்து, கணுக்கால் பக்கம் நிறம் போய்ப் புள்ளி விழும்.

முருகேசன்: இது சுகாதாரத் துறை விஷயம். இதில் வளர்ச்சி எங்கே வந்தது?

நிலத்தில் வந்தது. வோல்டா ஆற்றுப் படுகையில் நல்ல மண் இருப்பது ஆற்றோரம். கண் போகிறது என்று ஊர் ஊராக அதை விட்டுவிட்டு மேட்டுக்குப் போனார்கள். அங்கே மழை பொய்த்தால் பட்டினி. 1972-இல் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா அப்பர் வோல்டா (இன்றைய புர்கினா ஃபாசோ) போனபோது, பார்வையிழந்த பெரியவர்களைச் சிறுபிள்ளைகள் கோல் பிடித்து அழைத்துப்போவதைப் பார்த்தார். 1974-இல் உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, ஐநா வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை அமைப்பு நான்கும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. முதலில் 7 நாடுகள், பிறகு 11. 2002-இல் முடித்தபோது சுமார் 6 லட்சம் பேருக்குப் பார்வை தப்பியது, 2.5 கோடி ஹெக்டேர் நிலம் திரும்பியது என்று கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான்.

ரஃபீக்: ஹெலிகாப்டரில் மருந்து தெளித்தார்களாமே? அவ்வளவு செலவு தேவையா அண்ணா?

டெங்கு காலத்தில் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார்களே அபேட், அதே மருந்துதான். தண்ணீரில் வளரும் ஈயின் புழுவைக் கொல்ல, வாரம் ஒரு தடவை, ஆற்றின் போக்கிலேயே தாழப் பறந்து ஊற்றினார்கள். பாதை இல்லாத இடத்துக்கு வேறெப்படிப் போவது? மனிதர் உடம்புக்குள் இருக்கும் புழு கிழடாகித் தானாகச் சாகும்வரை ஈயைத் தலையெடுக்க விடக்கூடாது. அப்படியென்றால் பத்துப் பதினைந்து வருஷம். நடுவில் ஈ மருந்துக்குப் பழகிக்கொண்டது. மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இன்னொன்று, இந்த ஈ காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். கானா தன் ஆற்றைச் சுத்தமாக வைத்து, பக்கத்து நாடு சும்மா இருந்தால் அடுத்த மழைக்கே பழைய கதை. கூட்டாகச் செய்தது பெருந்தன்மையால் அல்ல, வேறு வழி கிடையாது.

அனிதா: மருந்து கம்பெனி இலவசமாகக் கொடுத்ததாம். நம்பலாமா?

சந்தேகம் நியாயம்தான். அந்த மாத்திரையின் பெயர் ஐவர்மெக்டின். முதலில் அது ஆடுமாட்டு மருந்து; அதில் மெர்க் நிறுவனம் நன்றாகவே சம்பாதித்தது. மனிதருக்கு வரும் இந்த நோய்க்கும் கேட்கும் என்று தெரிந்தபோது, தேவைப்பட்டவர்களிடமும் அவர்கள் அரசுகளிடமும் காசில்லை. 1987-இல், வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை தருகிறோம் என்று அறிவித்தார்கள். நல்ல பெயர் கிடைத்தது, வாங்கிக்கொண்டார்கள். சொன்னபடி கொடுத்தும் வருகிறார்கள். என் கணக்கில் அதுதான் பெரிது. இந்த மருந்துக்கு மூலமான நுண்ணுயிரை ஜப்பானிய மண் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த சத்தோஷி ஓமுராவுக்கும், வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015-இல் நோபல் கிடைத்தது.

கதிர்: டாக்டரே இல்லாத ஊரில் யார் மாத்திரை கொடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1995-இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அதை ஊராரிடமே விட்டார்கள். கொடுப்பவரை ஊர்க் கூட்டம் தேர்ந்தெடுக்கும், எந்த மாதம் என்பதையும் அதுவே முடிவு செய்யும். எடை பார்க்கத் தராசு கிடையாது. அளவுக்கோடு போட்ட ஒரு கம்பு. பக்கத்தில் நிற்கவைத்து, தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை, ஒன்று முதல் நான்கு வரை. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. பள்ளிக்கூடம் போகாதவரும் தப்பில்லாமல் கொடுத்துவிடலாம். கருத்தரங்கு மேடைகளில் இந்தக் கம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

மாத்திரை குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழுவை அல்ல. அதனால் வருஷம் தவறாமல், பல வருஷம்.

முருகேசன் (மறுபடியும்): எல்லாம் வெற்றிதானா?

இல்லை. சியரா லியோனில் போர் வந்து வேலை நின்றது. கேமரூன் போன்ற இடங்களில் லோவா என்ற இன்னொரு புழுவும் உண்டு. அது ரத்தத்தில் அளவுக்கு மீறி இருப்பவருக்கு இதே மாத்திரை கொடுத்தால் நினைவு தப்பிப்போகும் ஆபத்து. அங்கே இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கவேண்டியிருக்கிறது. நைஜர் மட்டும் 2025 ஜனவரியில் நோய்ப்பரவலை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் நாடு.

ஜோசப்: ஆறு மாத வேலையாக கானா போகிறேன் ஐயா. பயப்படணுமா?

வருஷக்கணக்கில் கடி வாங்கினால்தான் கண் வரை போகும். ஆற்றுப்பக்கம் வேலையென்றால் முழுக்கால் சட்டை போடுங்கள். இந்த ஈ பகலில் கடிக்கும், அதற்குக் கொசுவலை உதவாது. ராத்திரிக்கு வலையைக் கட்டாயம் கட்டுங்கள், அது மலேரியாவுக்கு.