வாசலைக் கொத்துவதற்கு முன் கானைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: அக்கா, ஆறு வருடம் கொழும்பில் வாடகைக்கு இருந்துவிட்டு அம்மாவோடு சொந்த வீட்டுக்கே திரும்பிவிட்டோம். வாசல் முழுக்கப் புல், படியெல்லாம் பாசி, சுவரின் அடியெல்லாம் செம்மண் கறை. அப்பா வைத்த ஹைட்ரேஞ்சியா பூச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. பொங்கலுக்குள் வாசலைப் பார்க்கும்படி ஆக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இன்டர்லொக் கல் பதிக்கச் சொல்கிறார்கள். பதிக்கலாமா?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம் தங்கச்சி, இந்த வருடம் கட்டாயம் வேண்டாம். உங்கள் வாசலைக் கெடுத்தது புல் இல்லை, தண்ணீர். கூரைத் தகரத்திலிருந்து விழுகிற தண்ணீர் வெறும் மண்ணில் குத்தித்தான் சுவரில் தெறிக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே மறுபடி சிவந்துவிடும். ஐப்பசி மழை பெய்யும்போதே இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) நின்று தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஆறு வருடத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், தூர்ந்துதான் போயிருக்கும், மம்பட்டியால் அள்ளிவிடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கருங்கல் சல்லி கொட்டினால் சேறு தெறிப்பது அடங்கும். சரிவான வாசலை முழுக்கக் கல்லால் மூடினால், மண் குடிக்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து கீழ்வீட்டுக்குத்தான் ஓடும். இடம் காணாது என்று மேல்பக்க மண்திட்டின் அடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், நம் மலையில் அது உயிருக்கே ஆபத்து.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், அம்மா நடக்கிற படி, தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் அந்த ஹைட்ரேஞ்சியா. தயவுசெய்து பிடுங்காதீர்கள், அப்பா கையால் வைத்தது. ஒருமுறை எங்கள் செடியை அவசரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன், அடுத்த வருடம் வெறும் இலைதான், ஏனென்றால் அது பழைய குச்சியில்தான் மொட்டுக் கட்டும். காய்ந்த பூவுக்குக் கீழே குச்சியைத் தடவிப் பாருங்கள், எதிரெதிரே பருத்த இரண்டு மொட்டு விரலில் தட்டும், அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். வளைத்தால் பட்டென்று ஒடிகிற செத்த குச்சிகளை அடியோடு எடுத்துவிடுங்கள். பூக்காத பச்சைக் குச்சி நாலைந்து வெட்டி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும், காசு கொடுத்துச் செடி வாங்க வேண்டியதில்லை. தேயிலைக்கு ஏற்ற நம் புளிப்பு மண்ணில் வேர் அலுமினியத்தை எளிதாக இழுத்துக்கொள்ளும், பூ நீலமாவது அதனால்தான். சீமெந்துச் சுவரை ஒட்டி நட்டது ரோஸ் நிறத்தில் பூத்தால் நோய் என்று பயப்படாதீர்கள், சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்கும்.

பொங்கலுக்கு நிறம் வேண்டுமென்றால் செண்டுப்பூ விதையை இந்த வாரமே மழை படாத இடத்தில் போடுங்கள், குளிரில் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். நாற்றைக் கானோரமாக நட்டால் போதும். படிக்கு முன்னால் நாலடி இடத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், அம்மாவுக்குக் கோலம் போடவும் பொங்கல் பானை வைக்கவும் அது வேண்டும்.